கத்தரி படாத தலை

எனக்குச் சந்தேகம் ஜாஸ்தி. இத நான் ஒளிச்சு மறைக்கிறதில்ல. ருவான்வெல்லைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல கணக்கப்பிள்ளையா இருந்து ரிட்டயரானவன் நான். பால் வெட்டுற ஆளுங்க வாளியத் தூக்கிக்கிட்டு ஸ்டோருக்கு வந்தா, ஒவ்வொரு வாளியிலயும் அளவுக் கம்பிய மிதக்க விட்டுப் பாக்கிறது என் வேலை. தண்ணி கலந்த பால்ல கம்பி மேல எழும்பி நிக்கும். "ஐயா, சத்தியமா மழைத் தண்ணிங்க, நான் ஊத்தலங்க"ம்பாங்க. மழை பேஞ்சிருக்காது. இப்பிடியே காலம் பூரா பாத்தவன் எதைத்தான் நம்புவான்? கம்பிய நம்புவேன், ஆள நம்பமாட்டேன்.

வீட்ல என் சம்சாரம் இதுக்காக என்னைப் பேசாத பேச்சில்ல. "ஒங்க கிட்ட கடவுளே வந்து நின்னாலும் ஐடென்டி கார்டக் காட்டுன்னுதான் கேப்பீங்க"ம்பா. கேக்கத்தான் செய்வேன், அதுல என்ன தப்பு?

இந்த வருசம் அந்தச் சந்தேகம் என் மகளோட கல்யாணத்துல வந்து நின்னுச்சு. ஒரே மக. அவிசாவளைக்கிட்ட ஒரு கார்மெண்ட்ஸ்ல வேல. அங்க மெசின் மெக்கானிக்கா இருந்த ஒரு பையன அவளுக்குப் புடிச்சிருக்கு. கொடகவெலப் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பையன், அப்பா இல்ல, அம்மா கொழுந்து பறிக்குது. நம்ம ஜனம்தான், நம்ம சாமிதான். அவன் அம்மாவும் தாய்மாமனும் வெத்தல பாக்கு, வாழப்பழச் சீப்போட முறைப்படி எங்க வீட்டுக்கு வந்தாங்க. பையன் மட்டும் வரல.

"மாப்பிள்ளைத் தம்பி வரலியா?"ன்னு கேட்டேன். "லீவு கெடைக்கலங்க"ன்னுச்சு அம்மா. மாமன்காரன் அந்த நேரம் பாத்து எங்க வீட்டுக் கூரைத் தகரத்த அண்ணாந்து பாத்தான். போட்டோ ஒண்ணு காட்டினாங்க. ஒட்ட வெட்டின தலை, மழிச்ச மொகம், லட்சணமாத்தான் இருந்தான். "இது எப்ப எடுத்தது?"ன்னேன். அம்மாவுக்கு இருமல் வந்துருச்சு. குசினிக்குள்ள என் மக கையிலேருந்து டம்ளர் விழுந்துச்சு. கேட்டது ஒரு சாதாரண கேள்வி. அதுக்கு மூணு பேரு ஏன் இப்பிடித் தடுமாறணும்? அதோட பையன் அவிசாவளைய விட்டுட்டு எம்பிலிப்பிட்டியப் பக்கம் வேற ஃபேக்டரிக்கு மாறிப் போயிட்டான்னு வேற சொன்னாங்க. அம்மா தனியா இருக்குன்னு போனானாம். சொல்றாங்க.

"விசாரிச்சு சொல்றேன்"னு அனுப்பி வச்சேன்.

அன்னையிலேருந்து என் மக என் கூட ஒக்காந்து சாப்பிடுறதில்ல. கோவிச்சுக்கிட்டுக் கத்தினாக்கூடப் பரவாயில்ல. கத்தல. எனக்குச் சோத்தப் போட்டு வச்சுட்டு, நான் எந்திரிச்ச பொறகு குசினியில தனியா ஒக்காந்து சாப்பிடுறா. ஒரு நாள் நானே புடிச்சு வச்சுக் கேட்டேன். "நீங்க சரின்னா சரிப்பா, வேணாம்னா வேணாம். ஒங்கள மீறிப் போகமாட்டேன். ஆனா வேற ஒருத்தர என்னால கட்ட முடியாது, அத மட்டும் கேக்காதீங்க"ன்னா. அவ்வளவுதான். தட்டக் கழுவப் போயிட்டா. அவ ஆயுசு பூராவும் இப்ப என் நாக்கு நுனியில நிக்குதுன்னு எனக்கு விளங்குச்சு. சரின்னு சொல்லி அவன் கெட்டவனா இருந்தா என் மக போச்சு. வேணாம்னு சொல்லி அவன் நல்லவனா இருந்தாலும் என் மக போச்சு.

அதனால கெளம்பினேன். சம்சாரத்துக்கிட்ட, தோட்டத்துப் பழைய தொரயப் பாத்துட்டு வாறேன்னு சொன்னேன். "இந்தத் தலையோடயா போறீங்க? முடிய வெட்டிக்கிட்டுப் போங்க, காட்டு ஆளு மாதிரி இருக்கு"ன்னா. நல்ல யோசனைதான்னு மனசுக்குள்ள நெனச்சிக்கிட்டேன். செவ்வா, வெள்ளி நாங்க முடி வெட்டுறதில்ல, புதங்கிழமையாப் பாத்து பஸ் ஏறினேன்.

அவிசாவளையிலயும் இரத்தினபுரியிலயும் மாறி, கொடகவெலயத் தாண்டி ஒரு சின்ன பசார்ல எறங்கினேன். மேல அந்தப் பையனோட தோட்டம், கீழ நாலஞ்சு கடை. மொதல்ல தேத்தண்ணிக் கடையில விசாரிச்சேன். "தங்கமான பையன்"ன்னாரு கடைக்காரரு. கோயில்ல பூசாரியக் கேட்டேன். "தங்கமான பையன்." ரெண்டு பேரும் ஒரே வார்த்தையச் சொன்னா எனக்குப் பத்திக்கிட்டு வரும். சொல்லிக் குடுத்து வச்சிருக்காங்களோ? ஒரு வயசுப் பையனப் பத்தி ஒரு கொறையாவது சொல்லணுமா இல்லையா, பீடி குடிக்கிறான்னாச்சும்?

பூசாரி பொய் சொல்லுவாரு, தேத்தண்ணிக் கடைக்காரரு யாவாரத்துக்காகப் பொய் சொல்லுவாரு. சலூன்ல பொய் நிக்காது. தலையக் குடுத்துக்கிட்டு ஒக்காந்திருக்கிறவன் எதையாச்சும் ஒளறுவான், வெட்டுறவன் எல்லாத்தையும் காதுல வாங்கி வச்சிருப்பான். அதனால அங்க போனேன்.

பழைய காலத்துச் சலூன். ஏசி கெடையாது, கலர் லைட்டு கெடையாது. மரக் கை வச்ச நாக்காலி ஒண்ணு, ரசம் போன கண்ணாடி, அதுக்கு மேல ஒரு புத்தர் படமும் ஒரு முருகன் படமும் பக்கத்துல பக்கத்துல. ரெண்டு பக்கத்து ஆளுங்களையும் சமாளிக்கிறான்னு நெனச்சேன். பெஞ்சுல ஒருத்தன் கால நீட்டி ஒக்காந்து போன நோண்டிக்கிட்டிருந்தான். கொழுந்து லொறி டிரைவர்னு அவன் கால்சட்டையில ஒட்டியிருந்த எலைத் தூளே சொல்லுச்சு. முடி வெட்ட வந்தவனாத் தெரியல, தலையில வெட்ட ஒண்ணுமில்ல. அப்ப எதுக்கு ஒக்காந்திருக்கான்?

"கொஹெந்த மஹத்தயா?"ன்னாரு சலூன்காரரு. எங்கேருந்து வாறீங்க ஐயான்னு சிங்களத்துல. நானும் விடாம சிங்களத்துலயே, கொழும்புலேருந்து வாறேன், ஒரு தேயிலைக் காணி வெலைக்குப் பாக்க வந்தேன்னு அவுத்து விட்டேன். தமிழ்னு தெரிஞ்சா சொந்தமா பந்தமான்னு நோண்டுவாங்க. அந்தாளு துணிய ஒதறி என் கழுத்துல கட்டிக்கிட்டே, இங்க யாரும் காணி விக்கலியே மஹத்தயான்னாரு. டிரைவர் போன்லேருந்து தலையத் தூக்கினான். நான் மொகத்தக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கிட்டேன்.

துணி சவுக்கார மணமா இருந்துச்சு, அது வரைக்கும் திருப்தி. "புது பிளேடு போடணும், என் கண்ணுக்கு முன்னாடி ஒடைக்கணும்"னேன். கோவிக்கல. உறையோட காட்டி, பிரிச்சு, ரெண்டா ஒடைச்சு, பாதிய சவரக் கத்தியில மாட்டி வச்சாரு. அதுலயும் எனக்கு ஒரு சந்தேகம், இவ்வளவு பணிவு எதுக்கு? தண்ணியப் பீச்சி, சீப்பால இழுத்து, கத்தரிய எடுத்தாரு. வெட்டுறதுக்கு முன்னாடியே கத்தரி காத்துல டிக்டிக்னு பேசுச்சு. பின் கழுத்துக்குக் கை மெசின். அது நாலு முடிய வெட்டினா ரெண்டு முடியப் புடுங்கும். அப்புறம் தாடையப் புடிச்சு, சொல்லாமக் கொள்ளாம ஒரு திருப்புத் திருப்பினாரு பாருங்க, கழுத்துல சொடக்குனு சத்தம்.

"அய்யோ ஆத்தா!"ன்னு கத்திட்டேன்.

"அட, நம்ம ஆளா!"ன்னாரு. "அண்ணே, சொல்லவே இல்லையே! நானும் இவ்வளவு நேரம் சிங்களத்துல மூச்சு வாங்கிக்கிட்டிருக்கேன்." டிரைவர் சிரிச்சான். எனக்கு அவமானமாப் போச்சு. இனிமே கொழும்புக் கதையும் எடுபடாது. அதனால நேரா விசயத்துக்கு வந்தேன். "மேல தோட்டத்துல ஒரு பையன் இருக்கானாம், கார்மெண்ட்ஸ்ல மெக்கானிக். தெரிஞ்சவங்க ஒரு மெசின் வேலைக்கு ஆள் கேட்டாங்க. எப்பிடி?"

கத்தரிச் சத்தம் நின்னுருச்சு. கண்ணாடியில பாத்தேன். சலூன்காரரு டிரைவரப் பாத்தாரு, டிரைவர் சலூன்காரரப் பாத்தான்.

"தங்கமான பையன்"ன்னாரு.

மூணாவது ஆளு! எனக்கு மண்ட காஞ்சுருச்சு. "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. ஒங்க கடைக்குத்தான் வருவானா?"

"வந்துக்கிட்டிருந்தான். இப்ப வாறதில்லண்ணே."

"ஏன், சண்டையா?"

"சே சே. அவன் முடியே வெட்டுறதில்ல. தைப்பொங்கலுக்கு முன்ன வெட்டினது. தாடியும் மழிக்கிறதில்ல. காடு மாதிரி வளந்து கெடக்கு."

அதான், அதான் பையன எங்க வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வரல. அதான் இருமல், அதான் கூரைத் தகரம், அதான் டம்ளர். எனக்கு ஒடம்பு சுட ஆரம்பிச்சுருச்சு. நம்ம ஜனத்துல ஒரு கொமரன் ஏன் முடி வெட்டாம இருப்பான்? சாவு வீடுன்னா காரியத்தோட முடிஞ்சுரும். ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தா அந்தக் காலம் முடிஞ்சு இம்புட்டு நாளாச்சு. மிச்சம் என்ன இருக்கு? பொண்டாட்டி முழுகாம இருந்தா புருசன் தலையில கத்தரி வைக்கமாட்டான். அது எங்க ஊர்ல சின்னப் புள்ளைக்கும் தெரியும்.

எனக்குச் சொல்லணுமா என்ன? நானே இருந்தவன். எங்களுக்கு ரெண்டு புள்ள வயித்துலயே தங்காமப் போச்சு. மூணாவதா இந்த மக வயித்துல இருந்தப்ப நான் கத்தரியும் தொடல, பிளேடும் தொடல. கழுத்து வரைக்கும் முடி. தொர கூப்பிட்டு, "என்ன மேன், சாமியாராப் போகப் போறியா?"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டாரு. பால் வெட்டுற ஆளுங்க வாளியால வாய மறைச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. சிரிச்சா சிரிச்சுட்டுப் போங்கடா, எனக்கு என் புள்ள வேணும்னு இருந்தேன். அவ பொறந்து, அழுது, நல்லா இருக்கான்னு மருத்துவச்சி வந்து சொன்ன பொறகுதான் சலூன் படியேறினேன்.

அப்பிடிப்பட்ட எனக்கே காது குத்தப் பாக்குறானுங்களா? எங்கேயோ ஒருத்திய வயித்தோட வச்சுக்கிட்டு என் மகளுக்கு வெத்தல பாக்கு அனுப்பியிருக்கான்! எம்பிலிப்பிட்டியவுக்கு மாறினதும் அதுக்குத்தான். எல்லாம் கணக்குச் சரியாப் பொருந்துச்சு. துணியப் பிச்சுக்கிட்டு எந்திரிக்கப் போனேன்.

"ஆடாதீங்கண்ணே!" சலூன்காரரு தோள்ல கை வச்சு அமுக்கினாரு. பேச்சு மும்முரத்துல பாதித் தலைய விட்டுட்டு மொகம் பூரா சவுக்கார நொரையப் பூசியிருந்தாரு. நாக்காலி முதுகச் சாச்சுட்டாரு. என் தொண்டை அந்தரத்துல நிக்குது, கத்தி காதுக்குக் கீழ எறங்குது. ஒரு பக்கம் வெட்டி, ஒரு பக்கம் வெட்டாத தலையோட எங்க ஓடுறது?

"ஒரே ஒரு கேள்வி"ன்னேன், ஒதட்ட அசைக்காம. "அவனுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

டிரைவர் பெஞ்சுல கைய அடிச்சுச் சிரிச்சான். "ஆகலியே! ஆகாமத்தானே இந்தக் கோலம்! சொல்லிருண்ணே, வெளியூர்க்காரருதானே."

"சாமி நேத்திக்கடன் விசயம், வெளிய சொல்லக்கூடாது"ன்னாரு சலூன்காரரு. ஆனா சொல்லாம இருக்க அந்தாளுக்கும் முடியல. "அது ஒரு கூத்துண்ணே. அவன் ருவான்வெல்லைப் பக்கம் ஒரு பொண்ண விரும்புறான். பொண்ணுக்கும் இஷ்டம். பொண்ணோட அம்மாவுக்கும் இஷ்டம். அப்பங்காரரு ஒருத்தருதான் குறுக்க."

நான் மூச்ச இழுத்தேன். கத்தி நின்னு, நான் மூச்சு விட்ட பொறகு திரும்ப எறங்குச்சு.

"ரப்பர் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையாம். பால்ல தண்ணியிருக்கான்னு பாத்துப் பாத்து, இப்பப் பச்சத் தண்ணியக் குடுத்தாலும் இதுல பால் கலந்திருக்கான்னு கேப்பாராம்!"

டிரைவர் வயித்தப் புடிச்சுக்கிட்டான். "யார் வீட்டுக்குப் போனாலும் கதிரைய ஒருக்கா ஆட்டிப் பாத்துட்டுத்தான் ஒக்காருவாராம்."

அது நெசம். இந்த நாக்காலியையும் ஆட்டிப் பாத்துட்டுத்தான் ஒக்காந்தேன். ஆனா அத இவனுக்கு யாரு சொன்னா? என் வீட்டுக்குள்ள நடக்கிறது மூணு பஸ் மாறி இங்க எப்பிடி வந்துச்சு? என் மகதான். வேற யாரு? என்னை வச்சுச் சிரிச்சிருக்கா. அந்த நிமிசம் எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. பேசலாம்னா கத்தி சரியா தொண்டைக் குழியில இருக்கு.

"பொண்ணு கேக்கப் போறதுக்கு முந்தியே நாங்கதான் அவனுக்குப் புத்தி சொன்னோம்"ன்னான் டிரைவர். "அந்தாளு இந்த ஜென்மத்துல சரின்னு சொல்லமாட்டான்டா, என் லொறி இருக்கு, பொண்ணக் கூட்டிக்கிட்டு வந்துரு, கோயில்ல தாலியக் கட்டுன்னோம். அந்தப் புள்ள முடியாதுன்னுருச்சாம்."

"ஏன்?" கத்தி எடுத்த இடைவெளியில கேட்டேன்.

சலூன்காரரு கத்திய என் தோள் துணியில தொடச்சாரு. "எங்கப்பா கெட்டவரில்ல, பயந்தவருன்னுச்சாம். எனக்கு முன்ன ரெண்டப் பறிகுடுத்துட்டு என்னைப் பெத்தவரு, அதான் யாரு கிட்டயும் என்னை நம்பிக் குடுக்க அவருக்குக் கை வரல. அவரே தன் கையால தாலிய எடுத்துக் குடுக்கணும், அவரு அழுவுற மாதிரி ஒரு கல்யாணம் எனக்கு வேணாம்னுச்சாம். இவன் வந்து என்கிட்டதான் சொன்னான். அதுக்கு அடுத்த வெள்ளிக்கிழமையே மேல மாரியம்மன் கோயில்ல நேந்துக்கிட்டான். பொண்ணோட அப்பா வாயால சரின்னு சொல்ற வரைக்கும் தலையில கத்தரி படாது. சொன்ன பொறகு அம்மனுக்கு மொட்ட. நான்தான் போடணும். நானும் காத்துக்கிட்டே கெடக்கேன்."

"கல்யாண போட்டோவுல மாப்பிள்ள மொட்டயாத்தான் நிக்கப் போறான்"ன்னான் டிரைவர். "பரவாயில்லங்கிறான், பைத்தியக்காரன்."

நாக்காலி முதுக நிமித்தினாரு. கண்ணாடியில நான். பாதி நொரை, பாதி மொகம். என் மகளுக்காக முடி வளத்து ஊர்ச் சிரிப்பு வாங்கின ஆம்பள ஒலகத்துல நான் ஒருத்தன்தான்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்.

அழுதேன். படிகாரம் எரியுதாண்ணேன்னு கேட்டாரு. அந்தாளு இன்னும் படிகாரத்தக் கையில எடுக்கவே இல்ல.

ஆனா நான் நான்தானே. கண்ணத் தொடச்சுக்கிட்டு டிரைவர் பக்கம் திரும்பினேன். "வாயால சொன்னா ஆச்சா? போட்டோ இருந்தா காட்டு." அவன் போன நீட்டினான். கோயில் திருவிழாவுல எடுத்தது. கழுத்து வரைக்கும் முடி, தொண்டைய மறைச்ச தாடி, நடுவுல ரெண்டு கண்ணு. விரலால பெருசாக்கிப் பாத்தேன், ஒட்டு முடியோன்னு. சொந்த முடிதான். சீப்பு கண்டு ரொம்ப நாளாச்சுன்னு பாத்தாலே தெரிஞ்சுச்சு.

"எப்பிடிண்ணே, மெசின் வேலைக்கு ஆவானா?"ன்னாரு சலூன்காரரு.

"தம்பி, அந்த மொட்டக் கத்தியத் தீட்டி வைங்க"ன்னேன். "நாந்தான் அந்தக் கணக்கப்பிள்ளை."

டிரைவர் லொறி நிக்குதான்னு பாக்கப் போறவன் மாதிரி வெளிய போயிட்டான். சலூன்காரரு ஒரு கையில சீப்பும் ஒரு கையில பவுடர் டப்பாவுமா அப்பிடியே நின்னாரு. "அண்ணே... நான்... அந்தப் பச்சத் தண்ணிக் கதை..."ன்னு இழுத்தாரு. "அது பொய்யில்ல. மிச்சத் தலைய வெட்டுங்க"ன்னேன். அவரு அவசர அவசரமா வெட்டினாரு, வலது பக்கம் கொஞ்சம் கூடத்தான் எறங்கிப் போச்சு. பரவாயில்லன்னு விட்டுட்டேன்.

முடிஞ்ச பொறகு அந்த நாக்காலியில ஒக்காந்தே மகளுக்கு ஃபோன் போட்டேன். கார்மெண்ட்ஸ்ல மத்தியானச் சாப்பாட்டு நேரம். பின்னால பொண்ணுங்க பேசுற சத்தம்.

"என்னப்பா? எங்க இருக்கீங்க?"

"சலூன்ல."

"சலூன்ல இருந்துக்கிட்டா எடுக்கிறீங்க? எந்தச் சலூன்ல?"

"கொடகவெலயில."

"அங்க எதுக்குப்பா போனீங்க?"ன்னா, கொரல் எறங்கிப் போச்சு. திட்டப் போறேன்னு பயந்திருப்பா.

"முடி வெட்டிக்கிட்டேன்"னேன். "இங்க நல்லாத்தான் வெட்டுறாங்க. அந்தப் பயலையும் வந்து வெட்டிக்கச் சொல்லு."

முதல்ல அவளுக்கு விளங்கல. பொறகு விளங்கிருச்சு. அத்தனை பொண்ணுங்களுக்கு நடுவுல என் மக ஓன்னு அழுதா, யாரோ என்னடி என்னடின்னு கேட்டாங்க.

"சாப்பிட்டியா?"ன்னு கேட்டேன்.

"இல்லப்பா. நீங்க வாங்க. ராத்திரிக்கு ஒங்க கூட ஒக்காந்து சாப்பிடுறேன்"னா.